ஆங்கிலம் படித்தால் பயணம்தான்

எங்கள் பக்கத்தில் ஒருவர் திடீரென்று ஆங்கிலம் படிக்கத் தொடங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பயணம். எந்த நாடு என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. "இல்லை, சும்மா படிக்கிறன்" என்று சொன்னால் முடிந்தது கதை, ஏனென்றால் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விமானம் ஏறும்வரை வாய் திறக்கக் கூடாது, நாவூறு பட்டுவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் படித்ததற்குக் காரணம் வேறு. போன வருடத் திருவிழாவுக்கு அண்ணன் குடும்பத்தோடு கனடாவிலிருந்து வந்திருந்தார். ஒருநாள் காலையில் நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறிக்கொண்டு நின்றபோது அவருடைய மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு தன் தம்பியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை மாமி" என்றாள்.

அந்த ஒண்டுமில்லைதான் என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு சொல்லும் எங்கேயோ கேட்ட சொல்லாகத்தான் இருந்தது, சேர்த்துப் பார்த்தால் பிடிபடவில்லை. என் புட்டைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா? அடுத்த முறை என் வீட்டில் எனக்கு விளங்காமல் ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

யூடியூபில் இதற்கென்றே கதைகள் இருக்கின்றன. படம் வரைந்து, கீழே எழுத்து ஓட, ஒரு வெள்ளைக்காரி ஆறுதலாகக் கதை சொல்லுவாள். புடவைக்கடை வேலை முடிந்து வந்து, சோறு அடுப்பில் கொதிக்க, நான் காதில் வயரைக் கொழுவிக்கொண்டு குசினிக்குள் இருந்து கேட்பேன். ஒரு கதையில் அலுவலகத்துப் பெண் ஒருத்தி கூட்டாளியின் இரகசியத்தை உளறிவிடுகிறாள். அதை அவர்கள் 'ஸ்பில் த பீன்ஸ்' என்கிறார்கள். போஞ்சியைக் கொட்டிவிட்டாளாம். போஞ்சிக்கும் இரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்தக் கதைகளிலேயே எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எந்த மனிதர் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் இத்தனை மரபுத்தொடர் பேசுவார்? என்றாலும் அந்த வெள்ளைக்காரி சொல்லச் சொல்ல நானும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா இல்லை. அப்பா தோட்ட வேலையை விட்டுச் சில காலமாகிறது, ஆனால் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை அப்பா. இங்கிலிசு படிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"சும்மா."

அவர் போய்த் தன் கதிரையில் சாய்ந்து இருந்தார். மேலே கேட்காமல் போனதுதான் எனக்கு நல்லதாகப் படவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த என்னுடைய பாஸ்போட் ஒருநாள் சேலைகளுக்கு மேலே இருந்தது. முன்பு கடல் கடந்து சிதம்பரம் கோயிலுக்குப் போவதற்கென்று எடுத்து, போகாமலே கிடக்கிற பாஸ்போட் அது. அப்பா எடுத்துப் பார்த்திருக்கிறார், ஒளிக்கப் போகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவர் சைக்கிளில் பை கொழுவிக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார். எங்கே என்று கேட்டால் "உதிலை" என்பார், இங்கே பக்கத்தில்தானாம். பக்கத்து வீட்டு அக்காவோடு வேலிக்கரையில் குசுகுசுப்பார், நான் வந்தால் இருவரும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள். வெயில் கொளுத்துகிற மாதத்தில் என்ன மழை?

காணி விற்கப் போகிறாரோ, இந்த வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று என் புத்தி கண்டபாட்டுக்கு ஓடியது. அவரை நான் வேவு பார்த்தேன், அவர் என்னை வேவு பார்த்தார். நடுவில் அந்த வெள்ளைக்காரி மட்டும் சந்தேகமில்லாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடை அரைநாளோடு மூடிய ஒரு மத்தியானம் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தும்மல் வந்தது. செத்தல் மிளகாய் வறுக்கிற நெடி. ஒரு வீட்டுக் கறிக்கு வறுக்கிற நெடி இல்லை அது, ஒழுங்கை முழுக்க இருமியது. பயணம் போகிறவர் கையில் கறித்தூள் கட்டிக் கொடுக்கத்தான் இவ்வளவு வறுப்பார்கள்; இப்படி வறுத்தால் அந்த வீட்டில் யாரோ வெளிநாடு போகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். எங்களுடைய ஊரில் இரகசியத்தைக் கொட்டுவது போஞ்சி இல்லை, மிளகாய்தான்.

பக்கத்து வீட்டுப் பின்புறம் எட்டிப் பார்த்தேன். அக்கா தாச்சியில் வறுத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் அப்பா, துவாயால் மூக்கைக் கட்டிக்கொண்டு மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே திரித்த தூள் கனமான பொலித்தீன் பைகளில், வாய் ஒட்டி, வரிசையாகக் கிடந்தது.

"ஆருக்கப்பா இது?"

அப்பா துவாயை இறக்கவில்லை. அக்காதான் சொன்னா. "ஆருக்கெண்டு உனக்குத் தெரியாதே பிள்ளை? எங்களிட்டைச் சொல்லாட்டிலும் கொப்பரிட்டையாவது சொல்லியிருக்கலாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து கேட்டேன்.

"நான் ஒரு இடமும் போகேல்லை அப்பா."

"ஓம் ஓம். கொண்ணனும் கொடிகாமம்தான் போனவன்."

அது எனக்கும் தெரிந்த கதைதான். கொடிகாமச் சந்தையில் பலாப்பழம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அடுத்ததாக அவருடைய குரல் வந்தது வேறொரு நாட்டுத் தொலைபேசியிலிருந்து.

"அப்ப பாஸ்போட்டை ஏன் எடுத்தனீங்கள்?"

"திகதி முடிஞ்சுதோ எண்டு பாத்தன். இன்னும் கிடக்கு." துவாயை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மிளகாய் நெடிதான் என்று நினைக்கப் பார்த்தேன். "கொண்ணன் போறது கொம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பலாப்பழம் வெட்டக் கத்தியும் தீட்டி, கைக்கு எண்ணெயும் எடுத்து வைச்சுக்கொண்டு இருந்தனான். அவனுக்கு ஒண்டும் குடுத்துவிடேல்லை. நீ சொல்லாட்டிலும் பரவாயில்லைப் பிள்ளை. போகேக்கை தூளாவது கையிலை இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. என்ன சொன்னாலும் அது போகிறவள் சொல்லும் பேச்சாகத்தான் அவர் காதில் விழும். பாஸ்போட்டை எடுத்துவந்து "இதை நீங்களே வைச்சிருங்கோ" என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கென்னத்துக்கு? தேவைப்படேக்கை தேடுவாய்."

அக்கா வேலிக்கு மேலால் தந்த பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனேன். அவர் பார்க்கத்தக்கதாக ஒன்றின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒட்டின பையை வெட்டினால் பிறகு பயணத்துக்கு உதவாது. அந்தத் தூளைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அடுத்த பையையும் வெட்டிப் போத்தலில் கொட்டினேன். அப்பா சாப்பிட்டார், இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார். எனக்கு மனம் ஆறியது.

கை கழுவிவிட்டு அவர் குசினிக்குள் வந்தார். வெட்டாத பையொன்றைத் தூக்கிக் குசினி அலுமாரிக்கு மேலே, சுவரோடு தள்ளி வைத்தார்.

"ஏன் அப்பா அது?"

"ஒண்டுமில்லை" என்றார்.

இந்த ஒண்டுமில்லை எனக்கு நன்றாக விளங்கியது.