ஒரு கொதி தவறிய குழம்பு

"அதுக்கில்லம்மா, ஃப்ரிட்ஜ் இருந்தா போதுமா, அதுக்குக் கரண்டு வர வேணாமா? நேத்து மத்தியானம் போனது இன்னக்கிக் காலைலதான் வந்துச்சு. நீ என்னடான்னா முந்தாநாத்து சாம்பார எடுத்து சுட வெச்சு புள்ளைக்கு ஊத்தறேங்குற. கொட்டும்மா அத. சுட வெச்சா சரியாயிடும்னு நானும் ஒருக்கா நெனச்சவதான்."

பக்கத்து வீட்டு மருமகளுக்குக் கொட்ட மனசில்லை. பாத்திரத்தோடு என் கொல்லையிலேயே நின்றாள். சரி, நின்றபடியே கேட்கட்டும் என்று என் எட்டு வயசுக் கதையை எடுத்தேன்.

அந்த வருஷம் அறுப்பில் கூலி ஏற்றிக் கேட்டதற்கு, பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அப்பாவும் இன்னும் நாலு பேரும் அவர்களை அறுக்கவிடாமல் வயலில் நின்றார்கள். பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. "நம்ம ஆட்சிடி. நாளைக்கே வுட்டுடுவாங்க பாரு" என்று தெருவே சொன்னது. நாளைக்கு, நாளைக்கு என்று அறுப்பு முடிந்து, வயலில் தெளித்த உளுந்தும் பூத்துவிட்டது.

வாய்க்கால் வற்றிக் குட்டையாய்த் தேங்கிய இடத்தில் அம்மா ஒரு விரால் பிடித்து வந்தாள். அப்பாவுக்கு விரால் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக விடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. அம்மா புளியைக் கெட்டியாகக் கரைத்துக் குழம்பு வைத்தாள். வால் துண்டை எனக்குப் போட்டுவிட்டு, மீதியைச் சட்டியோடு அப்பாவுக்கு எடுத்து வைத்தாள்.

விடிந்தால் அவள் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில்தான் எங்களுக்கு வேலை கிடையாதே. அதனால் சட்டிக்குக் காவல் நான்.

"காலைல ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. கரண்டி போட்டுக் கெளறாத. சூட்டோட மூடாத, ஆறட்டும். கேட்டியா?"

வராத மனுஷனுக்காக வரட்டிப் புகையில் கண் எரிய அடுப்பு ஊதுவது எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எத்தன நாளைக்கும்மா இந்தச் சட்டிக்கு நான் சேவகம் பண்றது?"

"உங்கப்பா வர்ற வரைக்கும்."

நாலாம் நாள் சாயங்காலம், பூதலூரில் ரயிலிறங்கி நம்ம ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு. ரோட்டுக்கு ஓடினேன். இருட்டும்வரை நின்றேன். வந்தவர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள். அழுதுகொண்டே வந்து படுத்துவிட்டேன். "கொழம்பு கொதிச்சுதாடி?" என்று அம்மா கேட்டதற்கு, ம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் அது கொதிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

காலையில் அம்மா போனபின் மூடியைத் திறந்தால், மேலே பொடிப்பொடியாய் நுரை. குழம்பு தானாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு கொதிக்கு மூன்று கொதியாக வைத்தேன். நுரை அடங்கியது. வாடை அடங்கவில்லை.

பாழாய்ப்போன அந்த மத்தியானம்தான் அப்பா வந்து நின்றார். பாதியாய் இளைத்திருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும், "என்ன பாப்பா வாசம், மீனா?" என்றார். சட்டியைத் திறந்து முகர்ந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாரு சுட வெச்சது?"

"நாந்தான். தெனமும்."

"தெனமுமா?"

"தெனமும்."

பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கையடியில் கவிழ்த்தார். சாம்பல் போட்டு அவரே கழுவினார். பானையிலிருந்த பழைய சோற்றைப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். நாலு நாள் நான் ஊதிய அடுப்பெல்லாம் காக்கைக்குப் போனதே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அம்மா வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்தாள்.

"கொழம்பு எப்புடிங்க இருந்துச்சு?"

"வெரலக் கூட வுடல. பாப்பா பக்குவமா காப்பாத்தி வெச்சிருக்கு."

"ஆமாமா, கெட்டிக்காரி" என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

பொழுது சாயும்போது மண்வெட்டியோடு முருங்கையடிக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். மரத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். காக்கை இழுத்துப் போட்ட மீன்முள் ஒன்று அவள் காலடியில் கிடந்தது. அவள் குனிந்து பார்த்துவிடுவதற்குள் அவசரமாய் ரெண்டு கை மண்ணை அள்ளி அதன்மேல் போட்டேன். நல்ல வேளை, அம்மா பார்க்கவில்லை என்று எத்தனையோ வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஏம்மா அத கையில வெச்சுக்கிட்டு நிக்கிற? குடு இங்க. ஒங்க மாமியா கேட்டா, பெரியம்மா வாங்கிக் குடிச்சுட்டாங்கன்னு சொல்லு. அந்த மூலைல மண்வெட்டி இருக்கு, எடுத்துட்டு வா."