நடுவில் நிறுத்திய முள்

இந்த ஊர் ஆட்கள் குளிருகிறதா இல்லையா என்று தங்கள் தோலைக் கேட்பதில்லை, சுவரைக் கேட்கிறார்கள். என் முதலாளி கெவின் காலையில் பட்டறைக் கதவைத் திறப்பதற்கு முன், வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் ஜாக்கெட்டைப் போடுவதா கழற்றுவதா என்ற முடிவு வரும். பக்கத்தில் நான் பல் கிட்டிப்போய் நிற்பேன். "யூ குட்?" என்பார். "குட், குட்" என்பேன். கனடாவுக்கு வந்து இரண்டு வருடத்தில் நான் அதிகம் பேசிய ஆங்கிலம் அவ்வளவுதான்.

இது ஏரிக்கரையில் உள்ள ஒரு சிறிய ஊர். கெவினுடையது படகு திருத்தும் பட்டறை. என் வேலை அனுமதி இந்தப் பட்டறையின் பெயருக்குத்தான். இங்கே வேலை போனால் எனக்கு இந்த நாட்டிலேயே வேலை இல்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதனால் கெவின் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகிவிட்டேன். தலையாட்டுவது எனக்குப் புதிதும் அல்ல. இலங்கையில், யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு கராஜில் பதினைந்து வருடம் வாகன வயரிங் பார்த்தவன் நான். என் வீடு பஜாருக்கு மேலே, றப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். மனைவி செல்வி அங்கே றப்பர் மரங்களில் பால் வெட்டுகிறாள். மகள் தர்ஷினி ஏழாம் ஆண்டு படிக்கிறாள். இருவரும் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

மே மாதம் வந்தால் இங்கே எல்லோருக்கும் படகுப் பைத்தியம் பிடிக்கும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டீவ் என்பவர் தன் பழைய ஸ்கீ போட்டை இழுத்துக்கொண்டு வந்தார். படகுக்குப் பின்னால் கயிற்றைக் கட்டி, காலில் பலகை மாட்டிய ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு ஓடுவது இவர்களுக்கு விளையாட்டு. செல்வியிடம் இதைச் சொன்னபோது, "இழுக்க ஒரு எஞ்சின், விழுக ஒரு ஆளா? வேற வேல இல்லயா அவுங்களுக்கு?" என்று சிரித்தாள். ஸ்டீவுக்கு இரண்டு மகள்கள். சனிக்கிழமை ஏரியில் இறங்கவேண்டும் என்று இருவரும் மிதவைச் சட்டையைப் பட்டறையிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாஷ்போர்டில் பேய் இருக்கிறது என்றார் ஸ்டீவ். விளையாட்டுப் பேச்சு என்று பிறகுதான் விளங்கியது. எங்கள் கராஜாக இருந்தால் பேய் ஓட முதலில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, வெட்டிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டிருப்போம்.

சாவியைத் திருப்பிப் பார்த்தேன். பெற்றோல், எண்ணெய், வோல்ட், சூடு என்று நான்கு மீட்டர். இஞ்சின் பெட்டிக்குள் தேங்கும் பெற்றோல் வாசனையை வெளியேற்றும் காற்றாடியைப் போட்டதும் நான்கு முள்ளும் ஒன்றாகத் துள்ளின. நிறுத்தியதும் ஒன்றாக இறங்கின. ஒரு முள் மட்டும் ஆடினால் அந்த மீட்டரில் கோளாறு, எல்லாம் சேர்ந்து ஆடினால் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, கோளாறு. இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பூ, இவ்வளவுதானா என்று ஒரு வயரை எடுத்து, மீட்டர்களின் பின்புறத்தில் இருந்து முன்கண்ணாடியின் உலோகச் சட்டத்துக்கு முறுக்கிவிட்டேன். லொறியிலும் ஜீப்பிலும் உடம்பு முழுக்க இரும்பு, எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும். இங்கே முட்கள் முன்பைவிட நன்றாக ஆடின. இடத்தை மாற்றி, சுரண்டி, மறுபடி முறுக்கி ஒரு முழுக் காலையை விழுங்கினேன். கெவின் வந்து பார்த்தார். படகின் விலாவில் விரல் முட்டியால் தட்டினார். பிளாஸ்டிக் வாளியைப் போலச் சத்தம் வந்தது. "ஃபைபர்கிளாஸ்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. இந்த உடம்பில் கரண்ட் திரும்பிப் போக வழியே கிடையாது, பெட்டரி வரைக்கும் தனியாக ஒரு வயர் திரும்பிப் போகவேண்டும். பழைய வயரைத் தேடிப் பிடித்தால் அது பச்சைக் களிம்பு பிடித்து உள்ளே மாவாக உதிர்ந்திருந்தது. புதிய தடித்த கறுப்பு வயர் ஒன்றை இழுத்து இணைத்தேன். மூன்று முட்கள் சொன்னபடி கேட்டன.

சூட்டு மீட்டர்தான் கேட்கவில்லை. படகைத் தரையில் வைத்தே, குழாய்த் தண்ணீரை இஞ்சினுக்குக் கொடுத்து ஓடவிட்டால், ஐந்து நிமிடத்தில் முள் சிவப்புக்கு ஏறியது. இஞ்சினின் சூட்டை உணரும் சென்சரின் வயரைக் கழற்றினால் முள் அடியில் விழுந்தது, எர்த்தில் தொட்டால் உச்சிக்குப் போனது. ஆகவே மீட்டர் நல்லது, சென்சர்தான் போய்விட்டது என்று தீர்மானித்தேன். உண்மையிலேயே இஞ்சின் சுடுகிறதா என்று தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி போன்ற ஒரு கருவி அலுமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை போகவில்லை. காலையிலிருந்து பொய் சொன்ன டாஷ்போர்டு இப்போதும் பொய்தான் சொல்லும் என்று முடிவுகட்டியவனுக்குச் சோதனை எதற்கு?

புதிய சென்சர் வர ஒரு வாரம் ஆகும் என்று கெவினிடம் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடி அவர், "கேன் யூ மேக் இட் வொர்க் ஃபோர் த வீக்எண்ட்?" என்றார். தலையாட்டினேன்.

எங்கள் தோட்டத்து மேனேஜர் தொரையின் ஜீப்பைச் சொன்னால்தான் நான் எதற்குத் தலையாட்டினேன் என்று உங்களுக்கு விளங்கும். அந்த ஜீப்பின் ரேடியேட்டர் பாதி அடைபட்டது. சூட்டு முள் எந்நேரமும் சிவப்பில் நிற்கும். தொரைக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். கராஜுக்கு வந்து, "இதச் சரியாக்கு" என்று கத்துவார். சரியாக்கு என்றால் ரேடியேட்டரை அல்ல. அந்தச் சிவப்பு தன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். சென்சர் வயரின் நடுவே கரண்டைக் குறைக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து டேப்பைச் சுற்றிவிட்டேன். முள் சாதுவாக நடுவில் வந்து நின்றது. தொரை தோளில் தட்டிக் கொடுத்தார். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ஏனென்றால் சாரதி முருகையா அண்ணன் தன் வாழ்நாளில் மீட்டரைப் பார்த்தவரே அல்ல. மூக்கால் மோந்து, மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் நிறுத்தி, பாறையிலிருந்து வடியும் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார். அன்று வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் செல்வியிடம் சொன்னேன். "தொரயயே ஏமாத்திட்டீங்களா!" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மாலை ஸ்டீவின் படகிலும் அதையே செய்தேன். ரெசிஸ்டர், டேப், முள் நடுவில். ஒரு நிமிடம் ஓடவிட்டு, சந்தோஷமாக மூடிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகுமுன், ஊருக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம் நாலரை. எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. மண்சரிவு அபாயம் என்று பார்க்க வந்தவர்கள், மழையை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செல்வியின் பொறுப்பில் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். முதல் வருடம் அதைப் பார்த்து லயமே சிரித்தது.

"மழ எப்புடி?" என்றேன்.

"சும்மா தூறல்தாங்க."

"பால் வெட்டப் போனியா?"

"நாலு நாளா இல்ல."

பெருமழைக்குத்தான் பால் வெட்டு நிற்கும், தூறலுக்கு நாலு நாள் நிற்குமா? அவள் குரலும் பெரிய மண்டபத்தில் நின்று பேசுவதுபோல எதிரொலித்தது. கேட்பதற்குள் தர்ஷினி போனைப் பறித்துவிட்டாள். "அப்பா, நாங்க எங்க ஸ்கூல்லயே படுக்குறோம்! என் டெஸ்க்குல யாரோ சட்டி வச்சிருக்காங்க!"

செல்வி மறுபடி வந்தாள். "நேத்து காலையிலயே கொழாய் செவப்பத் தாண்டிருச்சி. எல்லாரும் ஏறி வந்துட்டோம்."

"அதுக்கு ஏன்டி தூறல்னு சொன்ன?" கத்திவிட்டேன்.

"சொன்னா என்னா பண்ணுவீங்க? பறந்து வந்துருவீங்களா? அங்க இருந்துகிட்டு சாப்புடாம கெடப்பீங்க." அவளே தொடர்ந்தாள். "தை மாசம் ஐஸ்ல விழுந்து ஒங்க கை வீங்கினத எனக்கு எப்ப சொன்னீங்க? வீக்கம் வத்துன பொறவு. வீடியோவுல மொகத்த மட்டும் காட்டிக்கிட்டு நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு. தொரை ஜீப்புக்குச் செஞ்சததானே எனக்கும் செய்றீங்க? நான் திருப்பிச் செஞ்சா மட்டும் கோவம் வருதாக்கும்."

அவளுக்கு ஸ்டீவின் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு அந்த டேப் சுற்றிய வயர்தான் கண்முன் வந்தது. எங்கள் ஊரில் மீட்டரை எவரும் நம்புவதில்லை, அதனால் முள் பொய் சொன்னாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். இவர்களோ சட்டை போடுவதற்கே முள்ளைக் கேட்கிறவர்கள். ஸ்டீவிடம் முருகையா அண்ணனின் மூக்கு இல்லை. முள் நடுவில் நிற்கிறதே என்று அந்த இரண்டு பிள்ளைகளையும் கட்டி இழுத்துக்கொண்டு ஏரியின் நடுவுக்குப் போய்விடுவார். அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் அனுமதி போகும். போகிற வழி முழுக்க இதே கணக்குத்தான் ஓடியது.

கெவின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மீட்டர் இஸ் லையிங்" என்றேன். தெரியும், சென்சர் வரும்வரைக்கும் பார்க்கலாம் என்றார். நான் சொல்ல வந்தது அவருக்கு ஏறவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படகுக்குக் கூட்டிப்போய், டேப்பைப் பிரித்து ரெசிஸ்டரைக் காட்டி, "ஐ மேட் இட் லை" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஓடவிடு என்றார். ஐந்து நிமிடம் கழித்து அலுமாரியில் தொங்கிய துப்பாக்கியை இஞ்சினுக்கு நேரே பிடித்தார். இஞ்சின் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தது. மீட்டரும் சென்சரும் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஏரித் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிரவைக்கும் பம்பைத் திறந்தோம். உள்ளே இருந்த சிறிய றப்பர் சக்கரத்தில் பாதி இதழ்கள் இல்லை. குளிர்காலம் முழுக்கக் காய்ந்து கிடந்து வெடித்திருக்கிறது. றப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மேக் இட் வொர்க்" என்று தான் சொன்னது படகை, முள்ளை அல்ல என்று கெவின் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வேறு எந்தப் படகிலாவது இப்படிச் செய்திருக்கிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. பிறகு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தடவை நடந்தால் கடிதம் இருக்காது, ஊருக்கு டிக்கெட்தான் என்று விளங்கிக்கொண்டேன். ஸ்டீவிடம் நீயே சொல் என்று போனை என்னிடம் நீட்டினார். சொன்னேன். அவர் "தாங்க்ஸ் ஃபோர் டெல்லிங் மீ" என்றார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிய றப்பர் சக்கரம் தட்டிலேயே இருந்தது. மாட்ட இருபது நிமிடம். ரெசிஸ்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை காலை, ஸ்டீவ் வருமுன் படகை ஏரியில் ஓட்டிப் பார்க்கப் போனோம். கெவின் ஓட்டினார், நான் பக்கத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் கூடியும் சூட்டு முள் நூற்று அறுபது ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. சொந்த யோக்கியதையில் அங்கே நின்றது. அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. செல்வி ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் குசினி. பின்சுவர் இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு சிவப்பு மண். மிஞ்சிய பக்கச் சுவரில் ஆணியில் கலண்டர் மட்டும் தொங்கியது. கீழே எழுதியிருந்தாள்: "மத்தியானம் மண்ணு எறங்கிருச்சி. லயத்துல ஒருத்தரும் இல்ல, ஒருத்தருக்கும் ஒன்னும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க எப்புடி இருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க."

"வாட்ஸ் ஷீ ரீடிங்?" என்று கெவின் மீட்டரைக் காட்டிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார். "ஒன் சிக்ஸ்டி" என்றேன். என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "யூ குட்?"

வாய் பழக்கத்தில் குட் என்று திறந்தது. மூடிக்கொண்டேன். "நோ" என்றேன்.

கெவின் இஞ்சினை நிறுத்தினார். நான்கு முட்களும் கீழே இறங்கின. போனை அவரிடம் நீட்டினேன். மண்ணைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்து விரலால் பெரிதாக்கினார். கலண்டரில் அவர் பட்டறையின் பெயர் இருந்தது. தை மாதம் நான் ஊருக்கு அனுப்பிவைத்தது. மே மாதப் படத்தில் இதே ஏரி.

"தட்ஸ் அவர் கலண்டர்" என்றார். "வேர் இஸ் திஸ்?"

"மை ஹவுஸ்" என்றேன்.

போனைத் திருப்பி வாங்கி, "எனக்கும் பயமா இருக்கு செல்வி" என்று தட்டினேன். படகு எந்தக் கரைக்கும் போகாமல் தண்ணீர் இழுத்த பக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கெவின் சாவியைத் தொடவில்லை.