இரண்டு கூடத்துக்கும் ஒரே சாவி

சாவியக்கா என்றால் நகராட்சியில் தெரியாதவர் இல்லை. சாவி என்றதும் இடுப்பில் செருகுகிற சாவியை நினைத்துவிடாதீர்கள். அவள் தோளுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப்பிடி. தெருவில் பதித்த மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் திருகினால்தான் குடிநீர் வால்வு திறக்கும். புருஷன் பார்த்த வேலை. அவர் போனபின் வாரிசு வேலையாக அவளுக்கு வந்தது. "பொம்பளை இதைத் தூக்குவாளா" என்று டீக்கடையில் சிரித்தவர்கள், இன்றைக்கு அவள் கொஞ்சம் தாமதித்தால் வாளியும் கையுமாகத் தெருமுனையில் தவம் கிடக்கிறார்கள்.

மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். பின்தெருவில் இருக்கும் சின்னக் கூடத்துக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். அது அவள் மதத்தாருடையதல்ல. ஊரில் கொஞ்சம் பேராக இருப்பவர்களின் பிரார்த்தனைக் கூடம். கைகால் கழுவாமல் அவர்கள் உள்ளே போக மாட்டார்கள்.

"வீட்டு இணைப்பு வாங்கிட்டு உள்ள பிரார்த்தனை நடத்துறாங்க. விதிமீறல்," என்றார்.

"விதி எல்லாருக்கும்தானே சார்?"

"பின்ன? அரசாங்கத்துக்கு எல்லா மதமும் ஒண்ணுதாம்மா."

"சரிங்க சார்" என்று கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சின்னக் கூடத்து வால்வை மூடினாள். அடுத்து நேராகப் பெரிய தெருவுக்கு வந்து, தன் மதத்தாரின் பெரிய கூடத்து வால்வையும் மூடினாள். அதுவும் வீட்டு இணைப்புதான். போட்டுக் கொடுத்ததே அவள் புருஷன். அந்தக் கூடத்துக்குத் தலைவர் யார்? அவள் கூடப்பிறந்த அண்ணன். மகள் கல்யாணம் நடக்கப்போவதும் அங்கேதான். இப்படியும் ஒரு பிடிவாதக்காரி!

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பொறியாளர் கையைப் பிசைந்தார்.

"பெரிய கூடத்தை யாரும்மா மூடச் சொன்னது?"

"நீங்கதான் சார். எல்லாம் ஒண்ணுன்னு சொன்னீங்களே."

"அதை மட்டும் திறந்துடுங்க."

"திறந்தா ரெண்டையும் திறப்பேன். இல்லாட்டி ரெண்டும் மூடியே கிடக்கட்டும்."

வேலை போய்விடும் என்று மிரட்டினார். போகட்டும் என்றாள். வேறு ஆளை அனுப்பலாமென்றால், அந்த அளவுச் சாவி அந்த வட்டாரத்துக்கே ஒன்றுதான். அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

வீட்டில்தான் சரியான அடி விழுந்தது.

"உனக்கு நான் முக்கியமா, அந்தக் குழாய் முக்கியமாம்மா?" என்று மகள் அழுதாள்.

"நீதான்டி முக்கியம். அடுத்தவங்க கிட்டேர்ந்து பிடுங்கின தண்ணியில உன் கல்யாணம் வேண்டாம்னுதான் சொல்றேன்."

மகள் அதற்குமேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் நின்றுபோனால் மகள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று சாவியக்காவுக்குத் தெரியும். அடுப்படியில் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனசு மட்டும் மாறவில்லை.

கல்யாணத்தன்று காலையில் கூடம் நிரம்பிவிட்டது. லாரித் தண்ணீராவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வந்துவிடும் என்று பொறியாளரே வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று அண்ணன் மிதப்பில் இருந்துவிட்டார். சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். கழிப்பறைப் பக்கம் போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கியதும், அண்ணன் விருந்துக்கு வந்திருந்த பொறியாளரை இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு ஓடிவந்தார். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கமும் வாசலில் கூடிவிட்டது.

"சாவியைக் குடு. உன் வீம்பையெல்லாம் அப்புறம் வச்சுக்க."

"ரெண்டையும் திறக்கச் சொல்லட்டும்ணே, தர்றேன்."

"அவங்களுக்கு எதுக்குத் தண்ணி? நம்ம ஊர்ல இருக்கவிட்டதே பெரிசு."

உள்ளறையில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. பட்டும் நகையுமாக மகள் கம்பியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாம் போச்சு, இவளே கொடுத்துவிடப் போகிறாள் என்று சாவியக்கா நினைத்தாள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

மகள் கொடுக்கவில்லை. கம்பியைத் தரையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கவிட்டதே பெரிசா மாமா? யாரு யாரை இருக்கவிடுறது? முதல்ல அவங்க தெரு வால்வைத் திறக்கணும், அப்புறம்தான் நம்ம தெரு. சார் சொல்லட்டும், அம்மா திறப்பாங்க. இல்லேன்னா பொண்ணு இல்லாம கல்யாணத்தை நடத்திக்குங்க."

அண்ணன் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் செருப்பைப் பார்த்தார்.

"ரெண்டையும் திறந்துடுங்கம்மா," என்றார் தொண்டைக்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லுங்க சார். வாசல்ல நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்," என்றாள் மகள்.

அவர் சத்தமாகச் சொன்னபிறகுதான் மகள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.