ஆறு படம், ஆறு சிவப்பு பல்பு

வளர்மதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கைதான் வேகமாக ஓடும். அனந்தபுரத்துக் காதுகுத்திலிருந்து திரும்பிய மறுநாள், கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தொண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பூபதி லாரி விபத்தில் போன பிறகு செஞ்சியில் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பதினேழு வருஷமாகப் பஜார் துணிக்கடையில் புடவை மடிக்கிறாள். "பின்கட்டு வளருக்குத்தான்" என்று நைனா சாகும்போது வாயால் சொன்னாரே தவிர, எழுதி வைக்கவில்லை. முன்கட்டில் அண்ணன் பாவாடையும் அண்ணி வள்ளியம்மையும். இரண்டு கட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். வருகிற பில்லில் பாதி வளர்மதி கொடுக்கிறாள்.

மீட்டர் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட் எகிறிவிடும். இரண்டு தடவையாக அப்படித்தான் எகிறியது. பழி பின்கட்டு மேல் விழுந்தது. வளர்மதி சண்டைக்குப் போகவில்லை. பழைய டியூப்லைட்டையும் குண்டு பல்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, மின்சாமான் கடைத் துரைராஜிடம் ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. பல்பு மூன்று வாங்கி மாட்டினாள். அதற்கும் அண்ணியிடம் பேச்சு இருந்தது.

"கண்ணு கூசுற மாதிரி எரியுது. இவ்ளோ வெளிச்சம் சும்மாவா வரும்? கரண்ட உறிஞ்சித்தான வரும்!"

இதையே காதுகுத்துப் பந்தியில், தளவானூர் அத்தை, அத்தையின் ஓரகத்தி, சித்தப்பா வீட்டு மூன்று மருமகள்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். "எங்க நாத்தனாருக்கு ராவு பகல் கெடையாது, லைட்டு எரிஞ்சிகினே இருக்கணும்." அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஆடி போவட்டும் வளரு, வேற வூடு பாத்துக்க."

பிறந்த வீட்டில், அதுவும் இலைக்கு முன்னால் உட்காரவைத்துச் சொல்கிற வார்த்தையா அது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வளர்மதி முன்கட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள், ஃபேனை நிறுத்தினாள், டி.வி.யையும் நிறுத்தினாள்.

"இன்னாடி பண்ற?" என்று பதறி வந்தாள் வள்ளியம்மை.

"வந்து நில்லு அண்ணி. அண்ணே, நீயும் வா. இந்த மீட்டர்ல செவப்பா ஒரு புள்ளி மின்னுதே, அது வேகமா மின்னுனா கரண்டு ஜாஸ்தி ஓடுதுன்னு அர்த்தம். துரைராஜண்ணன் சொன்னாரு. எண்ணு."

முதலில் முன்கட்டு மெயினை இறக்கிவிட்டு, தன் மூன்று பல்பை மட்டும் எரியவிட்டாள். புள்ளி ஒரு தடவை மின்னுவதற்கும் அடுத்த தடவை மின்னுவதற்கும் நடுவில் பாவாடை நாற்பது வரை எண்ணினான். பிறகு தன்னுடையதை அணைத்துவிட்டு முன்கட்டு மெயினை ஏற்றினாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் மின்னியது. மறுபடி பன்னிரண்டு. மறுபடியும்.

"எல்லாத்தயும்தான் நிறுத்திட்டியே, அப்புறம் எது ஓடுது?" என்றான் பாவாடை.

வளர்மதி கூடத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே தாத்தா, நைனா, அம்மா, வெள்ளத்தில் போன பெரியப்பா, கல்யாணம் ஆகாமல் செத்த சின்ன மாமா, வள்ளியம்மையின் அம்மா என்று ஆறு படம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு, பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

"அது சீரோ வாட்ஸுடி! அதுக்குக் கரண்டே கெடையாது!"

"பேருதான் சீரோ. ஒண்ணு ஒண்ணும் பதினஞ்சு வாட்ஸ் இழுக்குது. தொட்டுப் பாரு, கரண்டு இல்லாமயா சுடுது? எம்பல்பு பளிச்சுனு எரிஞ்சா நான் திருடி. இது மங்கலா எரிஞ்சா நீ உத்தமி!"

வள்ளியம்மை விடவில்லை. "செத்தவங்களுக்கு வெளக்குப் போடறது தப்பா? உங்க நைனாவுக்குத்தான எரியுது!"

"எங்க நைனாவா? ஆளில்லாத ரூம்ல லைட்டு எரிஞ்சா எந்தலையில குட்டுன மனுசன் அவரு! அவரு பேரச் சொல்லி எரியவுட்டு, எம்மேல பழி போட்டு, அவரு குடுத்த கட்டுலேருந்தே என்னைத் தொரத்துறீங்களா?"

வளர்மதி பஜாருக்குப் போய் அரை வாட்ஸ் எல்.இ.டி. சிவப்பு பல்பு ஆறு வாங்கி வந்து, நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொரு படத்துக்கும் மாட்டினாள். பாவாடை மீட்டர் முன்னால் நின்றபடி ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து முடித்தான். அதுவரை அந்தப் புள்ளி மின்னவே இல்லை.

"சரி, வுடும்மா. நீ இங்கயே இரு," என்றான்.

"இருக்கறதுக்கு உங்கிட்ட உத்தரவு கேக்கல. பந்தியில வெச்சி சொன்னியே, அதே வாயால திருப்பிச் சொல்லு. மொதல்ல தளவானூர் அத்தைக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

அவன் வள்ளியம்மையைப் பார்த்தான். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல் போட்டான்.

"அத்தை, அன்னிக்கு வளரப் பத்தி சொன்னமே... அது தப்பு. படத்துக்குப் போட்ட சீரோ வாட்ஸ் பல்புதான் கரண்ட இழுத்திருக்குது."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தை கத்தினாள்.

"எங்க வூட்லயும் நாலு எரியுதேடா! நான் மருமவளயில்ல திட்டிகினு இருக்கேன்!"

வளர்மதி போனைப் பிடுங்கினாள். "அத்தை, மொதல்ல அவளக் கூப்புடு. நீ இன்னா சொல்றன்னு நான் கேட்டுக்கினே இருக்கேன்."