சிங்கத்தின் எடையும் மொட்டைமாடிப் பூட்டும்

எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள். என் கணவர் நடுவில். அவருக்கு மேலே கல்யாணமே செய்துகொள்ளாத ஓர் அண்ணன், எனக்குப் பெரியத்தான். கீழே ஒரு தம்பி, என் கொழுந்தன். மூவரும் பர்மாவில் போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்கள். பெண்கள் இருவர்: நானும், கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த பர்மியப் பெண்ணும். அவள் என்னை ‘மமா’ என்பாள். பர்மிய மொழியில் அக்கா. தமிழ் முழுதாகப் புரியும். பேசும்போது மட்டும் வினைச்சொற்களை எங்கேயாவது தொலைத்துவிடுவாள்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாவது மாடி. மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வந்துவிட்டால் ‘மீ லாப்பி!’ என்று தெருவே கூவும். அந்தக் கூவல் கேட்டதும் ஒருத்தி கீழே ஓடிப்போய்த் தண்ணீர்ப் பம்பைப் போடுவாள், இன்னொருத்தி குக்கரில் அரிசியைப் போடுவாள். ஆண்களும் ஓடுவார்கள், செல்போனை சார்ஜில் போட்டுச் சிங்கம் பார்க்க.

இந்தப் பித்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கொழுந்தன்தான். ஆப்பிரிக்கக் காட்டில் ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாக, சில சமயம் ஐந்தாறாகக்கூடச் சேர்ந்துகொண்டு, ஒரு பெண் சிங்கக் கூட்டத்தையும் அது வாழும் நிலத்தையும் பிடித்து ஆளுமாம். பெரும்பாலும் கூடப்பிறந்தவையாம், இல்லாவிட்டால் பங்காளிகளாம். இதற்குக் கூட்டணி என்று பெயர். அண்ணன் தம்பி மூவருக்கும் இதைக் கேட்ட அன்றே உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

அப்புறம் கட்சி பிரிந்தது. பெரியத்தானுக்குத் தனிச் சிங்கம்தான் சிங்கம். கறுத்த பிடரி, பீப்பாய் மார்பு, யார் துணையும் வேண்டாம். கொழுந்தன் எண்ணிக்கைப் பக்கம்: ஐந்து பேர் சேர்ந்து வந்தால் உன் பீப்பாய் என்ன செய்யும் என்று கேட்பார். என் கணவர் இருவர் கூட்டணிதான் சிறந்தது என்றார். காரணம் கேட்டதற்கு, சாப்பாட்டில் பங்கு கேட்க ஒரே ஆள்தான் என்றார். வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது என்பதை மூவருமே ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

எடைதான் பெரிய சண்டை. ஒருவர் இருநூறு கிலோ என்பார், அடுத்தவர் இருநூற்றைம்பது என்பார். ஒருநாள் நான் கேட்டேன்.

“காட்டுச் சிங்கத்த எப்படிங்க நிறுத்தாங்க? தானா வந்து தராசுல ஏறி நின்னுச்சா?”

“மயக்க ஊசி போடுவாங்கம்மா” என்றார் என் கணவர்.

“வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்திருந்தத நிறுத்திருந்தா?”

நானும் சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்திருந்தேன். அளவு நாடாவை உடம்பின் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி அளந்தால் ஒரு நீளம், தலைக்கும் வாலுக்கும் முளை அடித்து நேராக அளந்தால் வேறு நீளம். போதாக்குறைக்குப் பிடரி. பார்க்கிறவர் கண்ணுக்குக் கம்பீரத்தில் பாதி மயிர்தான். இதைச் சொன்னதும் மூவரும் முதன்முறையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள்.

“ஒரு வேளச் சாப்பாட்டுல என்ன பெரிசா ஏறிடப் போவுது?” என்றார் பெரியத்தான். அதை நிரூபிக்க மறுநாள் கடையில் எஞ்சின் நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றார். இறங்கி நான் கொடுத்தனுப்பிய சோற்றையும் ஆட்டுக்கறியையும் ஒரு கை பார்த்தார். மறுபடி ஏறினார். முள் கொஞ்சமும் கூச்சப்படாமல் நகர்ந்தது. தராசு பழுது என்று அறிவித்தார். அந்தத் தராசில்தான் அன்று மாலைவரை ஊராருக்கு நிறுத்துக் கொடுத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் எங்களுக்கு மேலே, ஆறாவது மாடிக்கு, ஒருவர் குடிவந்தார். தமிழர், தனியாள், முன்பு ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலைப் பக்கம் இருந்தவர். காற்றடித்தால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. வந்த வாரமே மொட்டைமாடிக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். மாடியில்தான் எல்லார் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியும் துணிக்கொடியும். இரண்டு நாளில் எங்கள் தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டது. பம்பு ஓடுகிறது, தொட்டியில் ஏறவில்லை, குழாயில் சொட்டுக்கூட இல்லை, ஏறிப் பார்க்கலாமென்றால் கதவில் பூட்டு.

“போய்ப் பேசுங்க” என்றேன்.

மூவரும் எழுந்தார்கள். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பெரியத்தான் முன்னால், மற்ற இருவரும் இரு பக்கமும். படிக்கட்டின் அகலம் ஒருவருக்குத்தான் போதும் என்பதால் திருப்பத்தில் மூவரும் முட்டிக்கொண்டு, அப்புறம் வரிசையாகப் போனார்கள். நானும் அவளும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். முதலில் கனத்த குரல். பிறகு மெல்லிய குரல். பிறகு சிரிப்பு. அதன் பிறகு தேநீர்க் கோப்பைச் சத்தம்.

மாலை மசங்கும்போது இறங்கி வந்தார்கள். மூன்று முகமும் ஜொலித்தன.

“அண்ணி, அவரும் சிங்கம் பாக்கறாரு!” என்றார் கொழுந்தன். “என்னா விஷயம் தெரியுது! தெற்கு ஆப்பிரிக்காவுலதான் ஒடம்பு பெருசாம்.”

“பூட்டு?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டீ குடுத்தாரு, பிஸ்கட்டு குடுத்தாரு” என்றார் என் கணவர். “அதுக்கப்புறம் பூட்டப் பத்திப் பேச எப்படியோ... அனாடேயா இருந்துச்சு.”

எதிராளியைச் சங்கடப்படுத்த மனம் வராத கூச்சத்துக்குப் பர்மியர்கள் சொல்லும் சொல் அது. அருமையான பண்பு. எங்கள் வீட்டு ஆண்களிடம் அது வாசலைத் தாண்டியதும்தான் தலைகாட்டும். வீட்டுக்குள் குழம்பில் உப்புக் குறைந்த நாளில் நான் கண்டதில்லை.

எனக்கு வந்த கோபத்தில் காலிக் குடத்தை டங்கென்று தரையில் வைத்தேன். அவள்தான் பேசினாள்.

“மமா, நாளைக்கு நம்ம ரெண்டு பேரு. மேல.”

மறுநாள் காலை அவர்கள் கடைக்குப் போனதும் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தாள். முந்தின நாள் ராத்திரியே தன் கணவரிடம் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறாள். எதற்கென்று அவரும் கேட்கவில்லையாம். இருவரும் மேலே போனோம். அவள் பூட்டின் கொக்கியில் பிளேடை வைத்து அறுக்கத் தொடங்கினாள். கட்டடமே கிறீச்சிட்டது. மேல்மாடிக்காரர் பனியனோடு ஓடிவந்தார்.

“அக்கா, என்னக்கா இது! உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட நேத்தே பேசியாச்சே?”

“என்ன பேசுனீங்க?”

அவர் யோசித்தார். “சிங்கம்...” என்று இழுத்தார்.

“எங்க வீட்டுல தண்ணி இல்லைங்க. தொட்டி இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

அவர் முகம் மாறிவிட்டது. “யாருமே சொல்லலியேக்கா” என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, முன்பு இருந்த இடத்தில் மொட்டைமாடி வழியாகத் திருடன் இறங்கிவிட்டான், கத்தியைக் காட்டினான், அதிலிருந்து திறந்த மாடிக் கதவைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை என்றார். தனியாள் அல்லவா, கூப்பிட்டால் வர யாரும் இல்லை. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பெரியத்தான் போற்றும் தனிச் சிங்கம் படும் பாட்டைப் பற்றியும் படித்திருந்தேன். அதற்கு நிலமும் நிற்காது, ஆயுளும் நீளாது.

“சாவி எங்க?” என்றாள் அவள்.

தேடினார். பதற்றத்தில் கிடைக்கவில்லை. அவள் மறுபடி பிளேடைப் பிடித்தாள். பூட்டு ஆடிக்கொண்டே இருந்ததால் அறுபடவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் அருகில் வந்து, பூட்டை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். பூட்டு அறுந்தது, கதவு திறந்தது. நான் தொட்டி மேல் ஏறி, மிதவையில் சிக்கியிருந்த கயிற்றை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் கோளாறு. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் பூட்டும் போடுவது, சாவி ஒன்று எங்கள் வீட்டிலும் இருப்பது என்று அங்கேயே பேசி முடித்தோம். ராத்திரி சத்தம் கேட்டால் தரையைத் தட்டுங்கள், நாங்கள் வருகிறோம் என்றும் சொன்னோம்.

மதியம் சாப்பிட வந்த பெரியத்தான் குழாயைத் திறந்து கை கழுவினார். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினார்.

“பாத்தீங்களா, நேத்து நாங்க பேசிட்டு வந்தது வேல செஞ்சிருக்கு.”

அவள் அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். கொஞ்சமாகத்தான் போட்டாள்.

மேல்மாடிக்காரர் அதன் பிறகு தினமும் வந்தார். கூட்டணி நால்வராயிற்று. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏதோ ஒரு படத்தில் சிங்கம் பெரிதாகத் தெரிவது உடம்பினாலா, கீழேயிருந்து படம் எடுத்ததாலா என்று தொடங்கி, பெரியத்தானும் அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் செல்போனைப் பார்த்தபடி கடந்து போகிறார்கள்.

ஆனால் மிதவை சரியாக அடைக்காமல் தொட்டி நிறைந்து வழியும்போது அவர்தான் இறங்கி வந்து கதவைத் தட்டுகிறார். பெரியத்தான் திறந்தால், “அக்காங்க இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொள்கிறார்.