அடி வாங்காத பூஜ்ஜியம்

கணக்கு வராது, கணக்கு வராது என்று சொல்லிச் சொல்லியே என் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா தையல் மெஷின் பழுது பார்ப்பவள். சரிசெய்த ஒவ்வொரு மெஷினிலும் தன் தொலைபேசி எண்ணைத் தகரத்தில் பதித்துத் திருகிவிடுவாள். அதற்கென்று ஒரு பெட்டி நிறைய இரும்பு அச்சுகள்; ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். 381654729. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் ஒரே ஒரு தடவை வரும். பெட்டியில் பூஜ்ஜியம் மட்டும் வாங்கிய நாளின் பளபளப்போடு சும்மா கிடந்தது.

அடித்து அடித்து அவளாகவே கண்டுபிடித்தாள். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் மீதியில்லாமல் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால். இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது இலக்கத்தையும் மாற்றிப் போட்டு இதேபோல் இன்னொன்று அமைக்க நானும் அத்தானும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ம்ஹூம், இது ஒன்றுதான்.

அப்போதுதான் தொலைபேசி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு 2 சேருமாம்.

"இருபத்திமூணு ரெண்டால போகுமாடி? ரெண்டாவது படியிலயே வழுக்குது!" என்று கொதித்தவள், என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

"முன்னால ரெண்டு வேணாம் சார். பின்னால ஒரு பூஜ்ஜியம் போடுங்க. பத்தாலயும் போகும்."

அதிகாரி சிரித்தார். "உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமாம்மா? எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. வகுத்துப் பாருங்க சார். எங்கயாவது மீதி வந்தா எந்திரிச்சுப் போயிடறேன்."

ஏழில் மாட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. 3816547ஐ இரண்டு தடவை வகுத்தார். மீதி வரவில்லை. எட்டுக்கு வந்தபோது சிரிப்பு போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கையிலிருந்த காகிதத்தில் வகுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அந்த நம்பர் காலியாத்தான் இருக்கு, தரலாம். ஆனா, மத்தவங்களுக்குன்னா பழைய நம்பர்ல வர்ற அழைப்பைப் புதுசுக்குத் திருப்பி விடுவோம்; இதுல பழசு செத்துடும்மா. பழைய நம்பர்ல கூப்பிடறவங்களுக்கு நீங்க கிடைக்க மாட்டீங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, நானூறு மெஷின்ல அந்தத் தகரம் இருக்கு. உன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்காத."

"கணக்கு வராதுன்னீங்களே, எனக்கு வந்த கணக்கு இது ஒண்ணுதான்டி. இதையும் விடணுமா?" படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் தையல் கடை.

"என்னக்கா, மெஷின் நல்லாத்தான ஓடுது?" என்றார் கடைக்காரர்.

"ஓடட்டும். கொஞ்சம் நகருங்க."

பெட்டியிலிருந்து பூஜ்ஜியத்தை எடுத்து, ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்து, ஓங்கி ஒரே அடி.

"இன்னும் முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது" என்று சொல்லிச் சுத்தியலைப் பையில் போட்டாள். பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த கடைக்கு நான்தான் முன்னால் நடந்தேன்.