யமுனாவும் பிலோவும் ஆடிய அரையிறுதி: ஒரு பேடல் போட்டிக்காக பெங்களூர் போய்வந்தது

நவம்பர் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, கடையில் மருந்துப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து தங்கை யமுனா கூப்பிட்டாள். "அக்கா, இந்த சனி ஞாயிறு கடையை மூடிட்டு வா. நானும் பிலோவும் சேர்ந்து ஆடுறது இதுவே கடைசியா இருக்கலாம்" என்றாள்.

வேலூரில் நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஞாயிறு அரைநாள் மூடினாலே வாடிக்கையாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஆனாலும் கிளம்பிவிட்டேன். அவளுடைய ஆட்டத்தை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அதோடு, அவளிடம் நேரில் சொல்லவேண்டிய ஒரு விஷயமும் இருந்தது.

காட்பாடியிலிருந்து காலை ரயில். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து போக நூற்றுச் சொச்சம்தான். சுமார் இருநூற்று முப்பது கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள் கன்டோன்மென்ட் ஸ்டேஷன். பெங்களூர் வடக்குப் பக்கம் போகிறவர்கள் சிட்டி ஸ்டேஷன் வரை போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் இங்கேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து ஹென்னூர் பக்கம் இருக்கும் மைதானத்துக்கு ஆட்டோவில் இருநூற்றுப் பத்து ரூபாய் ஆனது.

பேடல் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்தில் ஒரு களம். சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். மட்டையில் நரம்பு இருக்காது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். எண்ணிக்கை டென்னிஸ் மாதிரிதான். ஆனால் தரையில் பட்ட பந்து பின்சுவரில் மோதித் திரும்பினாலும் அடிக்கலாம். "போச்சு" என்று நாம் நினைக்கும் பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். எப்போதும் இரண்டு பேர் ஜோடியாகத்தான் ஆடவேண்டும்.

எங்கள் கதையின் சிக்கலே அந்த ஜோடிதான். ரேங்க் ஆளுக்கு ஆள் தனித்தனி. ஆனால் போட்டியில் நேரடியாக இடம் கிடைக்குமா, இல்லை தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே நுழையவேண்டுமா என்பதை இரண்டு பேருடைய புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். போன வருஷம் எடுத்த புள்ளிகள் இந்த வருஷம் அதே வாரத்தில் கழிந்துபோகும். சும்மா நின்றாலே கீழே இறங்கிவிடுவோம் என்று அர்த்தம்.

யமுனா சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள், வயது முப்பத்தொன்று. பிலோ என்கிற பிலோமினா அவளைவிட ஐந்து வயது பெரியவள். ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இரண்டு வருஷமாக இருவரும் ஜோடி. ஜனவரியில் வளைகுடா நாட்டில் ஒரு சர்வதேசப் போட்டி இருந்தது. பிலோவின் புள்ளிகளோடு கூட்டினால் யமுனா தகுதிச் சுற்றில்தான் நிற்கவேண்டும். தகுதிச் சுற்றில் தோற்றால் ஒரு காசு கிடையாது, டிக்கெட், ஓட்டல் எல்லாம் கைச்செலவு. முதன்மைச் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால்கூடக் கொஞ்சம் பரிசுப் பணம் வரும், புள்ளியும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் மும்பையிலிருந்து தன்வி என்ற பெண் யமுனாவைக் கேட்டிருந்தாள். ரேங்கில் இவர்கள் இருவருக்கும் மேலே இருப்பவள். அவளுடைய ஜோடி வேலைக்காக வெளிநாடு போகிறாளாம். "என்னோட சேர்ந்தா நேரா மெயின் டிரா", அதாவது முதன்மைச் சுற்று, என்று சொல்லியிருக்கிறாள். யமுனா, இந்தப் போட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கி வைத்திருந்தாள். இதில் ஃபைனலுக்குப் போய்விட்டால் பிலோவோடு சேர்ந்தே நேரடி இடம் கிடைக்கும் அளவுக்குப் புள்ளி வந்துவிடும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்: தன்வியோடு சேர்ந்துவிடு. வியாபாரம் பண்ணுகிறவளின் புத்தி. சம்பளத்தில் பாதியைப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் கொட்டுகிறாளே என்ற கவலை எனக்கு.

களத்தின் வாசலில் பெரிய பேனர். ஜெயிக்கும் ஜோடிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், இரண்டாம் இடத்துக்கு அறுபதாயிரம், அரையிறுதியில் தோற்றால் இருபத்தைந்தாயிரம். அதில் ஆளுக்குப் பாதி. கால் இறுதியில் தோற்றால் புள்ளி மட்டும்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தொகை என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கால் இறுதியைச் சுலபமாக ஜெயித்தார்கள். வெளியே வந்த பிலோ வியர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டு, "யமுனாவோட அக்காவா? நீங்க வந்தா ராசின்னு சொன்னா. நாளைக்கும் இதே புடவையில வந்துடுங்க" என்றாள். மறுநாள் அரையிறுதியில் எதிரே ஆடப்போவது தன்வியும் அவளுடைய இப்போதைய ஜோடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. யமுனா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி யமுனாவின் அறையில் படுத்தபோது நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன். "நாளைக்கு ஆடிட்டுப் பேசலாம் அக்கா" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணி. நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். முதல் பத்து நிமிஷத்திலேயே தன்வியின் திட்டம் எனக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொரு பந்தும் பிலோவுக்குத்தான். சர்வீஸ் யாருடையதாக இருந்தாலும், அடி எங்கிருந்து வந்தாலும், பந்து பிலோவைத் தேடித்தான் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பயிற்சியாளரைக் கேட்டேன். "இதுக்கு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுன்னு பேரு மேடம். நல்லா ஆடுறவங்களுக்குப் பந்தே கொடுக்காம குளிர வெச்சிடுவாங்க. இன்னொருத்தரை ஓடவிட்டு ஓடவிட்டுச் சோர்வாக்குவாங்க. ரூல்ஸ்ல தப்பு இல்ல" என்றார்.

தப்பில்லைதான். ஆனால் பார்க்கப் பிடிக்கவில்லை. யமுனா வலைக்குப் பக்கத்தில் கை தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிறாள். பிலோ மூலைக்கும் மூலைக்கும் ஓடி, கண்ணாடியில் மோதி வரும் பந்தைக் குனிந்து எடுத்து உயரத் தூக்கிப் போடுகிறாள். அது திரும்பி வரும், மறுபடி தூக்கிப் போடுகிறாள். முதல் செட் போய்விட்டது. இரண்டாவது செட்டில் தன்விதான் பொறுமை இழந்தாள், வேகமாக அடித்துக் கம்பிக்கு வெளியே தள்ளினாள். செட் இவர்களுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதானவர்கள் "சக்கத்தாகி ஆட்தாளே!" என்று, பிரமாதமாக ஆடுகிறாள் என்று, கன்னடத்தில் கத்தினார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மூன்றாவது செட் டை பிரேக் வரை போனது. கடைசிப் பந்தும் பிலோவுக்குத்தான் வந்தது. எட்டித் தொட்டாள், வலையில் விழுந்தது. அவள் முழங்காலில் கை ஊன்றி நின்றாள். யமுனா போய் அவள் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அந்த நிமிஷம் என் மனசு மாறிவிட்டது. எந்த தன்வியும் வேண்டாம், பிலோவோடேயே தகுதிச் சுற்றில் ஆடித் தோற்றாலும் பரவாயில்லை, செலவுக்கு நான் தருகிறேன் என்று சொல்லத் தோன்றியது.

அரையிறுதிக்காரர்களுக்கும் ஒரு பெரிய தெர்மகோல் காசோலை கொடுத்தார்கள். நாலடி நீளம். பிலோ வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அங்கே போக ஆட்டோ பிடித்தோம். எட்டு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய். அந்தக் காசோலை எப்படித் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. டிரைவர் பெங்களூரின் ஒக்கலிபுரம் பக்கத்துத் தமிழர். இறங்கி வந்து பார்த்துவிட்டு, "மேடம், இதை பேங்க்ல வாங்குவாங்களா?" என்றார்.

"வாங்கமாட்டாங்கண்ணா, வரி புடிச்சிட்டு அக்கவுன்ட்ல போடுவாங்க. இது சும்மா போட்டோவுக்கு" என்றாள் பிலோ.

"அப்ப மடக்கிடவா?"

"ஐயோ, வேணாம்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசியில் அது எங்கள் மூவரின் மடியில் குறுக்கே படுத்து, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

கம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நின்றபோது பிலோ ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "தன்விகிட்ட பேசிட்டேன். ஜனவரிக்கு நீ வர்றேன்னு சொல்லிட்டேன்."

யமுனா திரும்பினாள். "நீ யாரு அதைச் சொல்ல?"

"உன் பார்ட்னர். இன்னிக்கு வரைக்கும்."

"நான் இன்னும் முடிவே பண்ணல பிலோ."

"நீ பண்ணமாட்டே, அதான் நான் பண்ணேன். கணக்கு தெரியும்ல உனக்கு? என்னோட கூட்டினா வாசல்ல நிக்கணும். அவளோட கூட்டினா உள்ள போயிடுவே."

"கணக்கு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அழறே?"

யமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்வியோடு சேர் என்று சொல்லத்தான் நான் ரயிலேறி வந்தேன், ஆனால் வேண்டாம் என்று சொல்ல என் வாய் துடித்தது. பிலோ என் கையை அழுத்தினாள். "அக்கா, நீங்களும் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள். பச்சை விளக்கு விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வண்டியை எடுத்தார்.

பிலோ வீட்டில் மீன் வறுவலும் பூண்டு ரசமும். சாப்பிடும்போது காசோலை யார் வீட்டில் இருக்கவேண்டும் என்று இருவரும் சண்டை போட்டார்கள். நல்ல சத்தமான சண்டை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியில் பிலோ ஜெயித்தாள். சாயங்கால ரயிலில் நான் காட்பாடி திரும்பும்போது யமுனாவின் மெசேஜ் வந்தது: "சரின்னு சொல்லிட்டேன்."

இப்படிப் போட்டி பார்க்க பெங்களூர் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உள்ளூர்ப் போட்டிகளுக்கு பெரும்பாலும் அனுமதி இலவசம், ஆனால் போவதற்கு முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்டங்கள் தள்ளிப்போகும். பின்பக்கக் கண்ணாடிக்கு நேர் பின்னால் உட்காருங்கள், பந்து சுவரில் மோதித் திரும்புவது அங்கிருந்துதான் புரியும். தொப்பி அவசியம். ஞாயிறு சாயங்கால ரயிலுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், நான் ஜோலார்பேட்டை வரை நின்றுகொண்டுதான் வந்தேன். பரிசுத் தொகையைப் பார்த்து யாரும் இந்த ஆட்டத்துக்கு வரமுடியாது. இரண்டு நாளில் நான் பார்த்த ஒருவரும் அதற்காக வந்ததாகத் தெரியவில்லை.

ஜனவரியில் யமுனாவும் தன்வியும் முதல் சுற்றில் ஜெயித்து இரண்டாவதில் தோற்றார்கள். யமுனாவின் ரேங்க் ஏறியது. போன வருஷப் புள்ளிகள் கழிந்து பிலோவின் ரேங்க் இறங்கியது. அவர்கள் தோற்ற அந்த ஆட்டத்தை நான் கடையில் போனில் பார்த்தேன். பிலோ அவள் வீட்டில் பார்த்துக்கொண்டு, இன்னொரு போனில் என்னோடு பேசிக்கொண்டே, "தூக்கிப் போடுடி, தூக்கிப் போடு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்தது. பிலோ சொன்னாள்:

"நடுவுல வர்ற பந்தை யாரு எடுக்கணும்னு அவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி வெச்சுக்கல அக்கா. அதுலதான் போச்சு."

"நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க பேசினதே இல்ல" என்றாள்.